ஓய்மான் நல்லியக்கோடன்

தமிழ்நாட்டு வள்ளல்கள் என்றவுடன் நம்மவர் நாவில் முதற்கண் வருவோர் பாரி, பேகன், காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என்னும் எழுவரே. முல்லைக் கொடிக்குத் தேரீந்த கதையும், மயிலுக்குப் போர்வை தந்த கதையும் பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. அவ்வெழுவர் சுமந்த ஈகை என்னும் நுகத்தைத் தான் ஒருவனே தனித்துத் தாங்கினான் என்று புலவராற் சிறப்பிக்கப்பட்ட மற்றொருவன் உளன். அவன் ஆண்ட ஊர்களின் வழியே நாம் நாள்தோறும் வண்டியேறிச் செல்கின்றோம். ஆயினும் அவன் பெயரைச் சொல்லக் கேட்டால் நம்மிற் பலர் விழிக்கின்றோம். ஓய்மானாட்டு நல்லியக்கோடன் என்னும் அப்பெருமகனுடைய சரித்திரத்தை, நூல்களாற் கிடைக்கும் அளவில் இவ்விதழ் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஓய்மானாடு என்பது இற்றைத் திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் சூழ்ந்த நிலப்பகுதியாம். பிற்காலச் சோழர் கல்வெட்டுக்களிலும் அப்பெயர் வழங்குகின்றது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் அவனது அரணுடைப் பேரூர். கடற்கரையில் எயிற்பட்டினமும், உள்நாட்டில் வேலூரும் ஆமூரும் அவனுக்குரிய ஏனை ஊர்கள். இவ்வேலூர் வட ஆர்க்காட்டுக் கோட்டை வேலூரன்று. மரக்காணத்துக்கு மேற்கேயுள்ள உப்புவேலூரே என்றும், ஆமூர் என்பது நல்லாமூர் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. எயில் என்றாலும் சோ என்றாலும் மதிலையே குறிக்கும். ஆதலின் கிரேக்க மாலுமி ஒருவன் கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்த கடற்செலவுக் குறிப்பிற் காணும் சோபட்மா என்னும் துறையும் இதுவே என்பாருளர். பெருமாவிலங்கை என்னும் ஊருக்கும் அவன் தலைவன். கீழ்மாவிலங்கை என்ற சிற்றூர் இன்றும் திண்டிவனத்துக்கு அணித்தே இருக்கின்றது.

மரக்காணம் இன்றும் உப்புக்குப் பேர்போன ஊர். கழுவேலி ஏரி கடலோடு கலக்கும் கழியை ஒட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் அளங்கள் விரிந்து கிடக்கின்றன. நீரைத் தேக்கி, வெயிலிற் சுண்டவைத்து, மிதித்துத் திருத்திய பாத்திகளில் மெல்லிதாகப் பாய்ச்சி, உப்புப் பூத்தபின் பலகையால் வாரிக் கரையில் குவிப்பர். தை மாதம் தொடங்கி மழைக்காலம் வரும்வரை வெயிலில் நின்று செய்யும் வேலை இது. இடையே ஒரு நாள் பெருமழை பெய்துவிட்டாற் பல நாள் உழைப்பும் கரைந்துபோம். ஏர் பிடியாமலே விளைவு காணும் உழவர் என்று சங்கப் புலவர் உப்பு விளைப்போரைச் சொல்வது இம்மக்களை நோக்கும்போது நன்கு விளங்கும். உப்புக்கு நெல் சரிக்குச் சரியாக அளந்து தரப்பட்ட காலம் அது. உமணர் என்னும் உப்பு வாணிகர் குடும்பத்தோடு வண்டி கட்டி நாடெங்கும் சென்றனர். அவர்தம் வண்டியிற் குழந்தை போல் வளர்ந்த குரங்கு, அவர்கள் மக்களோடு கிளிஞ்சிலுள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆடிய காட்சியை நல்லியக்கோடனைப் பாடிய நூலே நமக்குக் காட்டுகின்றது.

அந்நூல் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளால் ஆகியது. இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, கழிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் பகுதி. ஆகவே புலவர் வேற்று நாட்டிலிருந்து பொருள் வேண்டி வந்த புதியவரல்லர். இக்கரையின் காற்றையும் உவரையும் அறிந்த அண்டை நாட்டவர். ஏடுகளிற் கிடந்த பத்துப்பாட்டை மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் அச்சிட்டு வெளிப்படுத்தியிராவிடின் நல்லியக்கோடன் பெயரும் செல்லுக்கு இரையாயிருக்கும். எழுவர் வள்ளல்களையும் முன்னோராக வைத்து நூல் பேசுதலால், இவன் அவர்களுக்குப் பிற்பட்டவன் என்பது பெறப்படும். ஓவியர் என்னும் குடியிற் பிறந்தவன், புலியையொத்த வலியுடையவன் என்பனவும் அந்நூலாலே தெரிகின்றன. அவனுடைய தாய் தந்தையர் பெயரோ, அவன் பிறந்த ஆண்டோ எவ்வேட்டிலும் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எவ்வாறு நடத்தினான் என்ற செய்தி மட்டும் பழுதின்றிக் கிடைத்திருக்கின்றது. அதனையே இனிக் கூறுவோம்.

பாணர் என்போர் இசையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த மக்கள். பேரியாழ் வாசிப்போர் பெரும்பாணர் என்றும், சீறியாழ் வாசிப்போர் சிறுபாணர் என்றும் வழங்கப்பெற்றனர். மனைவியாகிய விறலி ஆட, ஆடவன் யாழ் மீட்டிப் பாட, சுற்றத்தார் பிற கருவிகளைச் சுமந்து உடன் வருவர். இவர்க்கு நிலமில்லை, வாணிக முதலில்லை, ஓரிடத்து நிலைத்த வீடென்பதும் பலர்க்கில்லை. கேட்போர் மனம் கனிந்தாற் சோறு, கனியாவிடிற் பட்டினி. இன்றைக்கும் கலையையே நம்பியிருக்கும் பல குடும்பங்களின் நிலை இதுவன்றோ?

அத்தகைய பாணன் ஒருவன் நல்லியக்கோடனைக் கண்டு மீள்கின்றான். யானையும் தேரும் உடன் வருகின்றன. வழியிற் கல்லிலும் முள்ளிலும் நடந்து களைத்து நிழலில் ஒதுங்கியிருக்கும் வேறொரு பாணனையும் அவன் சுற்றத்தையும் காண்கின்றான். தான் பெற்றதை மறைத்து அப்பாற் செல்லாமல், நின்று, தன் பழைய நிலையை அவர்க்குச் சொல்கின்றான். சேரன் வஞ்சியும், பாண்டியன் மதுரையும், சோழன் உறையூரும்கூட இவன் கொடைக்கு முன் வறியனவே என்று முதலிற் கூறிப் பின் தன் வீட்டு அடுக்களைக்கு நம்மை அழைத்துச் செல்கின்றான்.

அந்த அடுக்களையில் அடுப்பெரிந்து நாட்கள் பலவாயின. பழஞ்சுவரைக் கறையான் அரித்துவிட்டது. புழுதியில் காளான் பூத்திருக்கின்றது. ஈன்ற நாய் ஒன்று அங்கே படுத்திருக்கின்றது. இன்னும் கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றி இழுக்க, வலி பொறாமல் அது குரைக்கின்றது. பசியால் இடை ஒடுங்கிய அவன் மனைவி குப்பையிலே முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வருகின்றாள். உப்புக்கு வழியில்லை, உப்பின்றியே வேக வைக்கின்றாள். உண்ணும்முன் வாயிற் கதவை அடைக்கின்றாள். வறுமை யார்க்கும் வரக்கூடியது என்றறியாத பேதையர் கண்டு நகைப்பரே என்னும் நாணம்! அதன்பின் உள்ளே இருந்த பெருஞ் சுற்றத்தார் அனைவரையும் கூட்டி அக்கீரையைப் பகிர்ந்துண்கின்றனர்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்கவேண்டும். கதவை அடைத்தது பிறர் தம் கீரையில் பங்கு கேட்பர் என்பதற்கன்று. இருந்ததைச் சுற்றத்தோடு பகிர்ந்த கை அது. அடைத்தது மானத்தைக் காப்பதற்கே. உப்பு மலைபோற் குவியும் கரையை அடுத்து வாழ்ந்த புலவர், ஏழைக் கலைஞன் ஒருவனுடைய வறுமைக்கு அளவுகோலாக உப்பில்லாத கீரையைத் தேர்ந்தெடுத்தார். அதனைக் காட்டிலும் பொருத்தமான அளவுகோல் இந்நாட்டில் வேறு கிடைக்குமோ?

இனி அப்பாணன் காட்டிய வழியைப் பார்ப்போம். முதலிற் கடற்கரை வழியே எயிற்பட்டினம். அங்கே தாழை பூத்து அன்னம் போல் தோன்றும். புன்னை அரும்பு முத்துப் போல் விளங்கும். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போல் மணலிற் கிடக்கும். அவற்றையே விறகாக எரித்து நுளையர் மகளிர் அரித்த பழங்கள்ளைப் பரதவர் ஊட்டுவர். சுட்ட குழல்மீனும் வீடுதோறும் கிடைக்கும். அப்பாற் காட்டு வழியே வேலூர். அங்கே வேட்டுவக் குடி மகளிர் புளியிட்டுச் சமைத்த சோற்றையும் ஆமான் இறைச்சியையும் தருவர். நல்லியக்கோடன் பகைக்கு அஞ்சி முருகனை வேண்ட, கேணியிற் பூத்த பூவே வேலாகிப் பகை வென்றது என்னும் ஊர்க்கதையை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அவ்வூருக்குச் சார்த்திக் கூறுவர். அப்பால் மருதநிலத்து ஆமூர். உழவர் தங்கை வெண்சோற்றையும் நண்டுக் கறியையும் தன் பிள்ளைகளை அனுப்பி அழைத்துத் தருவாள். பரதவர், வேட்டுவர், உழவர் ஆகிய மூவகைக் குடிகளும் முன்பின் அறியாத பாணர்க்குத் தத்தம் அடுப்பிலுள்ளதை மனமுவந்து இடுகின்றனர். மன்னன் ஒருவனே வள்ளலாயிருப்பது பெரிதன்று; அவன் குடிகளும் அவ்வழி நின்றனர் என்பதே அவன் ஆட்சிக்குச் சான்றாகும்.

இவ்வாறு உண்டு இளைப்பாறி நடந்தால் நல்லியக்கோடன் மாளிகை வாயில் தோன்றும். கூத்தும் பாட்டும் வல்ல பொருநர்க்கும், புலவர்க்கும், மறையோதும் அந்தணர்க்கும் அவ்வாயில் அடைபடுவதில்லையாம். பொருநரே அவ்வரிசையில் முதலிற் சொல்லப்பட்டமை கருதத்தக்கது. தன் வீட்டுக் கதவை நாணத்தால் அடைத்துக்கொண்ட பாணனுக்கு, திறந்தே கிடக்கும் மன்னன் கதவு எத்தகைய வியப்பைத் தந்திருக்கும்!

உள்ளே விண்மீன்களிடையே வெண்மதி போல் அவன் சுற்றம் சூழ வீற்றிருக்கின்றான். நால்வகையோர் அவனை ஏத்துகின்றனர். செய்ந்நன்றி மறவாமையும், சிறியோர் கூட்டம் சேராமையும், முகமலர்ச்சியும், இனிமையும் உடையவன் என்று அறிந்தோர் புகழ்கின்றனர். அஞ்சி வந்தோரைக் காத்தலும், கடுஞ்சினம் இன்மையும், பகைவர் அணியுட் புகுதலும், தன் படை தளருங்கால் முன்னின்று தாங்குதலும் கண்டு வீரர் புகழ்கின்றனர். மகளிரும் தம் கருத்தில் நின்ற நாற்குணங்களைச் சொல்லி ஏத்துகின்றனர். பரிசிலராகிய கலைஞர் சொல்வதே நமக்கு வேண்டியது. அறிவு குறைந்தோர் முன் தானும் ஒன்றறியாதவன் போல் இருத்தல், உண்மையில் நல்லறிவு உடைமை, அவரவர் தரமறிதல், வரையாது கொடுத்தல் என்னும் இந்நான்கையும் அவர்கள் அவனிடம் கண்டனர். இவற்றுள் முதற்குணம் மிக அரியது. அவையில் அமர்ந்து பாடகனைப் பிழை பிடிக்க வல்லார் பலர். பாடுவோன் நடுங்காதிருக்கும்பொருட்டுத் தன் புலமையை மறைத்துக்கொள்ள வல்லார் மிகச் சிலரே.

பாணன் யாழை எடுக்கின்றான். கருங்குரங்கு பாம்பைப் பிடித்தாற்போல் கோட்டில் வார்க்கட்டுகள் இறுகியும் நெகிழ்ந்தும் அமைந்த சீறியாழ் அது. நூல் சொல்லும் முறைப்படி சுருதி கூட்டுகின்றான். முதியோரைக் கண்டாற் கை குவிப்பவன், இளைய வீரர்க்கு மார்பைத் திறந்து காட்டுபவன், உழவர்க்கு நிழலாகும் கோலை உடையவன், தேரேறி வரும் பகைவர்க்கு வெம்மையாகும் வேலை உடையவன் என்று பாடத் தொடங்குகின்றான். பாட்டு முடியவில்லை, இன்னும் சில சொல்லும் சொல்லவில்லை. அதற்குள் மன்னன் எழுந்துவிடுகின்றான்.

இதுவே அப்பாணன் எதிர்பாராதது. அவன் கண்ட செல்வர் இருந்தபடியே கேட்போர். கேட்டபின் ஏவலரை நோக்கிக் கண் காட்டுவோர். இவனோ மூங்கிலின் உள்ளுரி போன்ற மெல்லிய ஆடையை முதலில் உடுத்துவிக்கின்றான். தேறல் தருகின்றான். வீமசேனன் வகுத்த மடைநூல் நெறி தவறாமற் சமைத்த பலவகை உணவை, இளஞாயிற்றைப் பழிக்கும் பொற்கலத்தில் இட்டு, அவரவர் விரும்புவதைப் பார்த்துப் பார்த்துத் தானே அருகில் நின்று ஊட்டுகின்றான். குப்பைக்கீரையைக் கதவடைத்து உண்டவன் முன் ஒரு நாட்டின் தலைவன் நின்று பரிமாறுகின்றான். பாடுபவன் அமர்ந்திருக்கக் கேட்டவன் நிற்கின்றான். அதன்பின் தன் வீரர் பகைவர் அரண்களை வென்று கொணர்ந்த நிதியையும், குதிரையின் ஓட்டத்தையும் பிற்படுத்தும் காளை பூட்டிய தேரையும், அதை ஓட்டும் பாகனையும் அளித்து, அன்றைக்கே விடை கொடுத்தனுப்புகின்றான். நாளை வா என்னும் வழக்கம் அவனிடம் இல்லை.

அக்காலத்துப் புலவராகிய புறத்திணை நன்னாகனார் அவனை நேரிற் பழகி அறிந்தவர். அவர் பாடல் புறநானூற்றில் 176-ஆவதாக உள்ளது. பாரியின் பறம்புமலைச் சுனைநீர் தெளிவும் குளிர்ச்சியும் உடையது. ஆயினும் தம் ஊரிலேயே உள்ளதென்று அங்குள்ளோர் அதனைப் பொருட்படுத்தார். அதுபோலவே இவனை அருகில் வைத்துக்கொண்டும் காணாமல் எத்தனையோ நாட்களைக் கழித்துவிட்டோமே என்றும், இனி இவனைக் காணாத நாட்களும் வருமே என்றும் அப்புலவர் நெஞ்சம் இரங்குகின்றது. சீறியாழ் ஏந்திய வறியோர் சொல்லும் புகழ்ச்சொற்களே மலைபோற் குவிந்த தலைவன் என்று அவர் இவனைக் குறிப்பர்.

அக்குடியின் பண்பு அவன் ஒருவனோடு நின்றுவிடவில்லை. ஓய்மான் நல்லியாதன் என்னும் மற்றொரு தலைவனைப் பற்றியும் அதே புலவர் பாடியிருக்கின்றார். 376-ஆம் பாட்டு அது. கிணைப்பறை கொட்டும் கலைஞன் ஒருவன் கூறுவதாக அமைந்தது. அந்தி மறைந்து இருள் படரும் நேரம். பாணர் உள்ளே உண்டுகொண்டிருக்கின்றனர். இவன் கிணையைத் தழுவியபடி நெற்கூட்டின் அருகே ஒதுங்கி நிற்கின்றான். இமை மூடித் திறப்பதற்குள் கிழக்கே நிலவெழுந்து இருள் அகலுகின்றது. அவ்வொளியில் முன்பு கண்டறியாத அவன் உருவமும், துளைகள் நிறைந்து கரை கிழிந்த அவன் அரையாடையும் தலைவன் கண்ணிற் படுகின்றன. புதிய விருந்தினன், இரங்கத்தக்கவன் என்று உணர்கின்றான். கொட்டிக் காட்டு என்னவில்லை. அவனுக்குத் தேறலும் சுட்ட இறைச்சியும் தந்து, நரகம் போன்ற வறுமையை அன்றிரவே போக்குகின்றான். அந்த இரவுக்குப்பின் இன்றுவரை பிறரிடம் இரக்க நினைத்ததில்லை என்றும், பிறர் வாயிலில் நின்று தன் சிறுகிணை ஒலித்ததில்லை என்றும் அக்கலைஞன் கூறுகின்றான்.

ஒரு வேளைச் சோற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பிச்சையிடுவோன் இரப்பவனை மறுநாளும் வரச் செய்கின்றான். நல்லியாதன் இட்டது அவன் இரத்தலையே முடித்துவிட்டது.

நல்லியக்கோடன் எவ்வாறு இறந்தான், அவன் குடி எப்போது ஆட்சி இழந்தது என்பன நூல்களால் அறியக்கூடவில்லை. பின்னர்ப் பல்லவரும் சோழரும் அந்நாட்டை ஆண்டனர். மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில் சோழர் காலத்தை நினைவூட்டி நிற்கின்றது. எயிற்பட்டினத்து மதில் எங்கிருந்தது என்று காட்டுவாரில்லை. சீறியாழும் தமிழ்நாட்டில் வழக்கொழிந்தது. உப்பளங்கள் மட்டும் வெயிலில் வெண்மையாய் மின்னுகின்றன.

இவனைத் தத்தம் குலத்தவன் என்று நிறுவப் பல கூட்டத்தார் முயலக்கூடும். அவ்வழக்கில் நாம் புகவில்லை. இன்ன குலத்தானுக்குத்தான் இடுவேன் என்று அவன் வாயில் பார்த்துத் திறந்ததாக எப்பாட்டும் கூறவில்லை. அவனோடு உறவு கொண்டாட விரும்புவோர் அவன் செயலால் அவ்வுறவை நிறுவுவாராக.

நம் இல்லத் திருமணங்களை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். விடியற்காலையில் வந்து நாகசுரம் வாசிப்பவரும் தவில் கொட்டுபவரும் மாப்பிள்ளை அழைப்பு முதல் தாலி கட்டு வரை மூச்சடக்கி உழைக்கின்றனர். விருந்துப் பந்தியில் அவர்கள் எப்போது அமர்கின்றனர்? எல்லோரும் உண்டபின், இலை தீர்ந்து குழம்பு ஆறிய நேரத்தில், மண்டபத்தின் ஓரத்தில். பேசிய தொகையைப் பெற அவர்கள் மறுநாளும் அதன் மறுநாளும் நம் திண்ணையில் வந்து காத்திருக்கவில்லையா? அவர் இல்லத்துக் கதவு எதற்காக அடைத்திருந்தது என்று நாம் ஒருநாளேனும் நினைத்ததுண்டா?

பொற்கலமும் காளை பூட்டிய தேரும் நம்மால் இயலாதவை. முதற் பந்தியில் அவர்களை அமர்த்துவது இயலும். வீட்டுத் தலைவனே அருகில் நின்று பரிமாறுவது இயலும். கொடுக்கவேண்டியதை அன்றைக்கே, முகமலர்ச்சியோடு, எண்ணிக் கையில் வைப்பது இயலும். இம்மூன்றையும் நம் இல்லத்து நிகழ்ச்சிகளில் விதியாகவே கொள்ளவேண்டுமென்று நம்மவர் அனைவரையும் கேட்டுக்கொள்ளுகின்றோம். வருகின்ற தை மாதத்து முகூர்த்தங்களிலேயே இதனைத் தொடங்கலாம்.